லி மருந்து

எலியாக இருந்தால் என்ன, வலியாக இருந்தால் என்ன, கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தானே.

நினைத்தாளே தவிர அவள் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசை மேல் ஒரு பழைய பால்பவுடர் டின் உட்கார்ந்திருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன். அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டின்னை முகத்தருகே கொண்டுபோய், அதில் ஒட்டியிருந்த சீட்டை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். படிக்க அதில் அதிகம் இல்லை. சீட்டின் முன்பாதியைப் பூச்சி அரித்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஐந்தே எழுத்து. லி மருந்து.

"எலி மருந்து," என்றான் அண்ணன்.

"வலி மருந்தாவும் இருக்கலாம்."

"எந்த வலிக்கு?"

அவள் கை நீட்டி டின்னை வாங்கிப் பார்த்தாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அண்ணனும் அண்ணியும் அம்மாவை அழைத்துப்போக வந்திருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. பகலில் சம்பளத்துக்கு வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, தன் மகளுக்குப் பிரசவம் என்று மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறாள். இவளுக்கோ, வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில் விடுப்பு என்று ஒருநாள்கூடப் பாக்கி இல்லை. இனி ஒருநாள் வராவிட்டாலும் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காரும் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ஆறு மாதம் நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று அண்ணன் ஒப்புக்கொண்டபோது, கழுத்தில் கட்டிய கல்லை யாரோ அவிழ்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. அம்மாவின் துணிகளை வைக்கச் சக்கரம் வைத்த பெட்டி வேண்டும் என்று அண்ணன் பரணில் ஏறினான். பெட்டிக்குப் பின்னால், சுவரோடு சுவராக, இந்த டின் இருந்தது. மூடியைச் சுற்றிக் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, ஒன்றல்ல, மூன்று சுற்று.

பிளாஸ்திரியை உரித்து மூடியைத் திறந்தவனும் அண்ணன்தான். உள்ளே முக்கால் டின் பொடி. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது பழுப்பேறிக் கட்டிதட்டிப் போயிருந்தது. பொடிக்குள் கைப்பிடி மட்டும் வெளியே தெரிய ஒரு சின்ன ஸ்பூன் புதைந்திருந்தது.

"எலி மருந்துக்கு எதுக்கு அண்ணா ஸ்பூன்?" என்று அவள் கேட்டாள்.

"வலி மருந்துக்கு எதுக்கு பாப்பா பரண்?" என்று அவன் கேட்டான்.

இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் பதில் தெரிந்த ஒரே மனுஷி அடுத்த அறையில் படுத்திருந்தாள்.

அண்ணன் டின்னை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனான். அவளும் பின்னாலேயே போனாள். அம்மா தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாலு மாதத்தில் அம்மாவிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். பசிக்கிறதா என்றால் ஆச்சு. பசிக்கவில்லையா என்றாலும் ஆச்சு. வலிக்கும்போது ஆச்சு, சிரிக்கும்போது ஆச்சு. உள்ளே எல்லாம் புரிகிறது, வெளியே வரும் வழியில்தான் அடைப்பு என்று மருத்துவர் சொன்னார். ஊமை கண்ட கனவு.

"அம்மா, இது என்ன?"

அம்மா டின்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எலிக்கு வச்சிருந்தியா?"

"ஆச்சு."

"வலிக்கா?"

"ஆச்சு."

அண்ணன் டின்னை இன்னும் கிட்டே கொண்டுபோனான். பிறகு குரலை இறக்கி, "அப்பாவுக்கா?" என்றான்.

அம்மா அண்ணனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். இடது கையை நீட்டி, சீட்டின் அரிபட்ட ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். "ஆச்சு," என்றாள், மெதுவாக, ஏதோ ஒரு நீண்ட வாக்கியத்தின் கடைசிச் சொல் போல.

அண்ணன் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. வயிற்று வலி, வாந்தி, ஆள் துரும்பாக இளைத்து, ஒன்றரை வருடம் படுத்துப் போனார். குடல் என்றார்கள், ஈரல் என்றார்கள், வயசு என்றும் சொன்னார்கள். அறுபத்தாறு ஒரு வயசா என்று அண்ணன் அன்றைக்கே கேட்டான். அவன் வெளியூரில் படித்து, வெளியூரில் வேலை பார்த்து, விடுமுறைக்கு வந்து போன பிள்ளை. அவனுக்குத் தெரிந்த அப்பா வேறு. அந்த அப்பா பேருந்து நிலையத்துக்கு வந்து பையை வாங்கிக்கொள்வார், பேரப்பிள்ளைகளுக்கு விடுகதை போடுவார்.

வீட்டோடு இருந்தவளுக்குத் தெரிந்த அப்பா, கடைசி ஒன்பது வருடம் அம்மாவோடு ஒரு சொல் பேசாதவர். அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் தொழில். எதற்காகப் பேச்சை நிறுத்தினார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. "உங்கம்மாகிட்ட கேளு, உப்பு போட்டாளான்னு," என்பார். அம்மா மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். அவள் திரும்பி, "அம்மா, உப்பு போட்டியா?" என்பாள். "போட்டேன்னு சொல்லு," என்பாள் அம்மா. அம்மாவின் கையிலிருந்து அவர் எதையும் வாங்க மாட்டார். தட்டு, தண்ணீர், துவைத்த சட்டை, எல்லாம் மகள் வழியாகத்தான் போகவேண்டும். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அந்த வீட்டில் இரண்டு பேரும் பேசியாக வேண்டும், இல்லையென்றால் பட்டினி கிடக்கவேண்டும். ஆகவில்லை. அவர்களுக்கு இடையில் அவள் ஒரு கம்பி மாதிரி இருந்தாள். கம்பிக்கு என்ன, ஒருமுனையில் ஏறியதை மறுமுனையில் இறக்கிவிடும்.

படுக்கையில் விழுந்த பிறகும் அப்பா பேசவில்லை. தினமும் மாலையில் விளக்கு போடுகிற நேரத்துக்கு அம்மா வெந்நீரில் ஏதோ ஒரு பொடியைக் கலப்பாள். ஸ்பூன் டம்ளரில் படுகிற சத்தம் கேட்கும். சத்தம் நின்றதும் அவள் எழுந்து போய் டம்ளரை எடுத்து அப்பாவிடம் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் அம்மாவிடம் கேட்டாள்.

"என்னம்மா இது?"

"மருந்து."

அம்மா அதற்கு மேல் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. டம்ளரைக் கொடுத்தபோது அப்பா வாங்காமல் பார்த்தார்.

"என்ன இது?"

"மருந்து."

"யார் குடுத்தது?"

"டாக்டர்," என்றாள் அவள்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அம்மா கொடுத்தது என்றால் குடிக்க மாட்டார், வலியில் கிடப்பார் என்றுதான் வாயில் வந்தது. அப்பா குடித்தார். அன்றிலிருந்து கேள்வி கேட்காமல் ஏழு மாதம் குடித்தார்.

மேசையிலிருந்த டின்னுக்குள் புதைந்திருந்த ஸ்பூனின் கைப்பிடியில் சின்னதாக ஒரு வளைவு இருந்தது. அம்மா டம்ளரில் கலக்கிய ஸ்பூனின் வளைவு அது என்று, அண்ணன் டின்னைத் திறந்த கணத்திலேயே அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீதானே பொடி பாத்துச் சொல்றவ," என்றான் அண்ணன். "ஊர்ல இருக்கற மாவு, மிளகாத்தூள் எல்லாம் பாக்கற. இதையும் பாரு."

"பாத்து?"

"பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியணும் பாப்பா. தெரியாம நான் எப்படி அம்மாவைக் கூட்டிட்டுப் போவேன்? தினம் முகத்தைப் பாக்கணும், சோறு ஊட்டணும். அந்தக் கை என்ன பண்ணுச்சுன்னு யோசிச்சுக்கிட்டே எப்படி அந்தக் கையைக் கழுவி விடுறது?"

அண்ணி பெட்டியைத் துடைத்த துணியை உதறினாள். அவள் பேச ஆரம்பித்தால் நறுக்குத் தெறித்தாற்போல் பேசுவாள். "எனக்கு இந்தப் பவுடர்ல ஒரு பிரச்சினையும் இல்ல. அத்தை இனிமே யாருக்கும் எதையும் கலக்கப் போறதில்ல, ஒரு ஸ்பூனையே தூக்க முடியல. ரூமைக் காலி பண்ணி, தையல் மெஷினை வராந்தாவில போட்டு, எல்லாம் ரெடி. உங்க அண்ணனுக்குத்தான் இப்ப துப்பறியும் வேலை வந்திருக்கு."

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். இருபத்தேழு வருஷமா அதே வேலைதான்."

அண்ணன் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதற்குள் பார்த்து வை, சரி என்றால் அன்றைக்கே கூட்டிப்போகிறேன் என்றான். சரியில்லை என்றால் என்ன என்று அவன் சொல்லவில்லை. துடைத்து வைத்த பெட்டி காலியாகவே நின்றது.

அவர்கள் போனபின் அவள் சமையலறையில் விளக்கைப் போட்டு, அம்மாவின் சீட்டுகளை எல்லாம் பார்த்தாள். அம்மாவுக்கு எதற்கும் சீட்டு ஒட்டியாக வேண்டும். உப்பு, சர்க்கரை, மிளகு என்பதோடு விடமாட்டாள். நல்ல நூல், சுமாரான நூல் என்று இரண்டு டப்பா. சாவி தொலைந்த பூட்டு என்று ஒரு பை. ஏதோ திருகாணி என்று ஒரு சீசா. ஒரு வெறும் பாட்டிலில் காலி என்று எழுதி ஒட்டியிருந்தாள். பேச்சை நிறுத்திய பிறகும் அப்பா இந்தச் சீட்டுகளை விட்டுவைக்கவில்லை. ஒற்று விட்டுப்போயிருந்தால், றகரம் ரகரமாகியிருந்தால், சிவப்பு மையில் திருத்திவிட்டுப் போவார். சர்கரையில் விட்டுப்போன க் ஏறியிருக்கும். திருகானியில் னகரத்தை அடித்து ணகரம் வைத்திருப்பார். அம்மா அந்தச் சீட்டுகளைக் கிழிக்கவும் இல்லை, மாற்றி எழுதவும் இல்லை. திருத்தத்தோடு அப்படியே வைத்துக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் அவர்களுக்குள் நடந்த நேர்ப்பேச்சு அது ஒன்றுதான் என்று அவளுக்கு இப்போது தோன்றியது.

டின்னில் இருந்த சீட்டில் சிவப்பு மை இல்லை. அப்பாவின் கண்ணில் அது படவே இல்லையா, அல்லது பட்டு, திருத்த அதில் பிழை எதுவும் இல்லையா? இருந்த பிழை பூச்சியின் வயிற்றுக்குள் போய்விட்டதா?

பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை வைத்து, லி என்ற எழுத்துக்கு முன்னால் பார்த்தாள். ஒரு நேர்க்கோட்டின் மிச்சம் தெரிந்தது. எ எழுதினாலும் வ எழுதினாலும் அம்மா வலப்பக்கம் ஒரு நேர்க்கோடு இழுப்பாள். அதைத்தான் பூச்சி மிச்சம் வைத்திருந்தது.

மறுநாள் அவள் ஒரு சிட்டிகைப் பொடியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனாள். உணவும் குடிதண்ணீரும் சோதிக்கிற இடம் அது. பத்தொன்பது வருடமாக அங்கே வேலை. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், தன் மேடையில், தன் கையால் முடிந்ததைச் செய்தாள். தண்ணீரில் போட்டாள், பாதி கரைந்தது, பாதி அடியில் தங்கியது. அயோடின் ஒரு சொட்டு விட்டாள், கருநீலமாக மாறியது. மாவு. அமிலம் விட்டாள், நுரைத்துப் பொங்கியது. சோடா உப்பு. அதுவரை நன்றாக இருந்தது. வயிற்று எரிச்சலுக்குச் சோடா உப்பு கொடுக்கிற கைவைத்தியம் உலகம் முழுக்க இருக்கிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நாலு மாதத்தில் முதல்முறையாக, முதுகைச் சாய்த்தாள்.

ஆனாலும் விடவில்லை. குப்பியை எடுத்துக்கொண்டு பெரிய இயந்திரம் இருக்கிற அறைக்குப் போனாள். அதை ஓட்டுகிறவனுக்குக் கூடத்தில் சல்லடை என்று பெயர். யார் என்ன சொன்னாலும் சலித்து எடுப்பதால் வந்த பெயர்.

"வீட்ல கிடைச்சது," என்றாள். "மாவும் சோடாவும் இருக்கு. வேற ஏதாவது இருக்கான்னு பாக்கணும்."

"எங்க கிடைச்சது?"

"பரண்ல."

"மாவு, சோடா, பரண்." சல்லடை குப்பியை வெளிச்சத்தில் ஆட்டினான். "எங்க வீட்ல எலிக்கு இதைத்தான் உருட்டி வைப்பாங்க. மாவு வாசனைக்கு வரும், சோடா வயித்துக்குள்ள போய்ப் பொங்கும், எலியால ஏப்பம் விட முடியாதாம். எங்க மாமியாரும் இதையேதான் கரைச்சுக் குடிப்பாங்க, அசிடிட்டின்னு. அவங்களுக்கு ஏப்பம் நல்லா வரும்."

அவள் சிரிக்க முயன்றாள். சாய்த்த முதுகு மறுபடி நிமிர்ந்துகொண்டது.

"சரி, என்ன தேடணும்?" என்றான் அவன்.

"என்ன இருக்குன்னு பாரேன்."

"இத்தனை வருஷம் இங்க இருந்துட்டு நீங்களே இப்படிக் கேக்கறீங்களே. என்ன இருக்குன்னு கேட்டா மெஷின் பேசாது. இது இருக்கா, அது இருக்கான்னு கேட்டாத்தான் பேசும். என்னன்னு எழுதிக் குடுங்க."

துண்டுச் சீட்டையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினான். வெள்ளைச் சீட்டு, அம்மா ஒட்டுகிற அளவுதான் இருந்தது. எதைத் தேடவேண்டும் என்று தெரியாமல் இல்லை. விஷம் என்று சந்தேகம் வந்தால் முதலில் எந்த நாலு உலோகத்தைத் தேடுவார்கள் என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் அவற்றின் பெயரை எழுதுவதற்கு அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதவேண்டியிருந்தது. ஆர்சனிக் என்று முதல் பெயரை எழுதியபோது, கேட்கக்கூடாத கேள்வியை நடுக்கூடத்தில் நின்று சத்தமாகக் கேட்டுவிட்டதுபோல் காது சுட்டது. மற்ற மூன்றையும் பார்க்காமல் கிறுக்கினாள்.

சல்லடை படித்தான். அவளை ஒருமுறை பார்த்தான். அதற்குப் பிறகு எதையும் சலிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வாங்க," என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் அச்சடித்த தாளைக் கொடுக்கவில்லை. பதிவில்லாத மாதிரிக்குத் தாள் கிடையாது. வாயால் சொன்னான். "நாலும் கண்டறியப்படவில்லை."

அவள் தலையாட்டினாள்.

"ஆனா உங்களுக்கே தெரியும். எலி மருந்து எல்லாமே இந்த நாலுல அடங்காது. சிலது பத்து வருஷத்துல காத்தோட போயிடும், சிலது ஈரத்துல மாறிடும். இன்னொரு பத்துப் பேரை எழுதிக் குடுத்தா அந்தப் பத்தும் இல்லைன்னு சொல்லலாம். பதினொண்ணாவது இருக்கும்."

"தெரியும்."

"அப்புறம் ஒண்ணு. டின்ல இருக்கறதைத்தான் மெஷின் சொல்லும். யாரு சாப்பிட்டாங்க, எவ்வளவு சாப்பிட்டாங்க…" அவன் நிறுத்திக்கொண்டான். "நீங்க கேக்கல. நானே உளர்றேன்."

அதுவும் அவளுக்குத் தெரியும். அந்த டின்னிலிருந்துதான் அம்மா டம்ளரில் போட்டாள் என்பதற்கு என்ன ஆதாரம்? ஸ்பூன். ஸ்பூன் பிறகு ஒருநாள் உள்ளே வந்திருக்கலாம். அம்மா எலிக்கு வைத்திருக்கலாம், அப்பாவுக்கு வேறு ஏதோ கொடுத்திருக்கலாம். இதையே இரண்டுக்கும் கொடுத்திருக்கலாம், இரண்டையும் வேறு வேறு மனதோடு கலந்திருக்கலாம். மனதை எந்தக் கரைசலில் போட்டுப் பார்ப்பது? பத்தொன்பது வருடம் பொடிகளோடு பழகி அவள் கடைசியில் வந்து நின்ற இடம், அம்மா ஆச்சு என்று சொன்ன அதே இடமாகத்தான் இருந்தது.

அன்று மாலை அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். அம்மா இடது பக்கமாக மென்றாள். வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு அவள் கேட்டாள், "அம்மா, அன்னிக்கு நான் டாக்டர்னு சொன்னேனே, உனக்குக் கேட்டுச்சா?"

சமையலறைக்கும் அப்பா படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கேட்டிருக்கும். கேட்டும் அம்மா ஒன்றும் சொல்லவில்லையென்றால் அதற்கு என்ன அர்த்தம்? அப்பாடா, குடித்துவிட்டார் என்று இருக்கலாம். அதையேதான் இன்னொரு விதமாகவும் சொல்லலாம்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு ஏதோ வேறு சொல்லுக்குக் குவிந்தது. நெற்றியில் நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. வந்தது அந்த ஒரு சொல்தான்.

"விடும்மா," என்றாள் மகள். "விடு. சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காலையிலேயே வந்துவிட்டான். அண்ணி அம்மாவின் அறைக்குப் போய்த் தலை வாரிவிட ஆரம்பித்தாள். "அத்தை, நம்ம வீட்ல ஜன்னல் பெருசு, தெருவே தெரியும். எதிர்வீட்டு அம்மா யார்கூட சண்டை போட்டாலும் உங்களுக்கு டிக்கெட் இல்லாம பாக்கலாம்," என்று அவள் சொல்வது கேட்டது. "ஆச்சு," என்று அம்மா சொல்வதும் கேட்டது.

அண்ணன் டின்னைப் பார்த்தபடி உட்கார்ந்தான். ஒரு வாரத்தில் அவன் சரியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை. கன்னத்தில் சவரம் செய்யாத வெள்ளை முடி. அப்பாவின் சாயல் அவனிடம் இத்தனை இருக்கிறது என்பதை அவள் அதுவரை கவனித்ததில்லை.

"சொல்லு."

"மாவும் சோடா உப்பும் இருக்கு. நாலு விஷம் தேடினோம். நாலும் கண்டறியப்படவில்லை."

அண்ணன் மூச்சை விட்டான். "அப்ப ஒண்ணும் இல்ல."

"அப்படி இல்லண்ணா. நாலு கண்டறியப்படல."

"கண்டறியப்படலன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?"

"இல்ல. நாங்க தேடினது கிடைக்கல, அவ்வளவுதான் அர்த்தம். தேடாதது பத்தி எனக்குத் தெரியாது."

"அப்ப தேடு."

"எத்தனை தேடினாலும் இதையேதான் சொல்வேன். சோடாவும் மாவும் எலிக்கும் வைப்பாங்க, மனுஷனுக்கும் குடுப்பாங்க. அந்த டின்னு அம்மா மனசுல என்னவா இருந்துச்சுன்னு எந்த மெஷினும் சொல்லாது."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். கையை எடுத்தபோது அவன் குரல் வேறாக இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேன் என்று அவள் அடம்பிடிக்கும்போது பேசுவானே, அந்தக் குரல்.

"பாப்பா, நான் சொல்றதைக் கேளு. எனக்கு உண்மை வேண்டாம். போன வாரம் வேணும்னு சொன்னேன். வேண்டாம். எனக்குப் பிடிச்சுக்க ஒண்ணு வேணும், அவ்வளவுதான். ஒரு தாள்ல எழுதிக் குடு. பரிசோதிச்சேன், இது வயித்து வலி மருந்துன்னு. கீழ உன் கையெழுத்து. நீ எழுதினா நான் நம்பிடுவேன். இன்னிக்கே அம்மாவைத் தூக்கி வண்டியில உக்கார வைக்கிறேன். ஆறு மாசம் இல்ல, எவ்வளவு நாளானாலும் வச்சிக்கிறேன்."

"பொய்யா இருந்தாலுமா?"

"பொய்யின்னு உனக்கும் தெரியாதே."

அது உண்மைதான். பொய் என்று அவளுக்கும் தெரியாது. வலி மருந்தாக இருக்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. ஒரு வரி. அதை எழுதிவிட்டால் வேலை இருக்கும், அம்மாவுக்குப் பெரிய ஜன்னல் இருக்கும், அண்ணனுக்குத் தூக்கம் இருக்கும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அண்ணன் சட்டைப்பையிலிருந்து மடித்த வெள்ளைத் தாளை எடுத்து விரித்தான். வரும்போதே கொண்டுவந்திருக்கிறான். பேனாவின் மூடியைத் திறந்து, அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

அவள் பேனாவை எடுத்தாள். எடுத்து, தாளின் மேல் கையையும் வைத்தாள்.

என்ன இது? மருந்து. யார் கொடுத்தது?

அந்த மாலையில் டம்ளர் கையில் எவ்வளவு சூடாக இருந்தது என்று இப்போது நினைவு வந்தது. சூடு தாங்காமல்தான் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னாளோ என்னவோ. அப்பா அவளை நம்பினார். ஒன்பது வருடம் அந்த வீட்டில் அவர் நம்பிய ஒரே வாய் அவளுடையது. அந்த வாய் தெரியாத ஒன்றுக்கு ஒரு பெயர் வைத்தது. அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

உள்ளே சீப்பு நின்றது. அண்ணி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"ஏதாவது ஒண்ணு எழுது பாப்பா," என்றான் அண்ணன். "உன் கையால."

அவள் பேனாவுக்கு மூடியைப் போட்டாள். சொடுக்கென்று அது மாட்டிக்கொள்கிற வரை அழுத்தினாள். தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து, பேனாவை அதன் மேல் வைத்து, இரண்டையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இல்லண்ணா," என்றாள். "எழுத மாட்டேன்."